துளி வண்டி கட்டப் போகிறவர்கள் கேட்கும் கேள்விகள்

செங்கோட்டையில் எங்கள் வீட்டு முற்றத்தில் நானும் ஓர் ஆசாரியும் சேர்ந்து ஒரு டியர்டிராப் டிரெய்லர் கட்டினோம். அதைப் பார்த்துவிட்டு தென்காசி, புனலூர், பொள்ளாச்சி என்று பல பக்கத்திலிருந்தும் கேட்கிறார்கள். திரும்பத் திரும்ப வரும் கேள்விகளுக்கு என் பதில்கள் இவை. ஒன்றை மட்டும் முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இந்த வண்டிக்கான செய்முறைகளில் பெரும்பாலானவை குளிர்நாட்டுக்காரர்கள் எழுதியவை. குளிர் உள்ளே வராமல் அடைப்பதுதான் அவர்களுடைய கவலை. ஆரியங்காவுக் கணவாயின் வாசலில் இருக்கிற நமக்குக் கவலை ஈரம். அதனால் கீழே பல பதில்கள் சுற்றிச் சுற்றி ஈரத்திலேயே வந்து நிற்கும்.

டியர்டிராப் டிரெய்லர் என்றால் என்ன?

இரண்டு பேர் படுக்கும் அளவுக்கு ஒரு சின்ன அறை. அதைக் கார் இழுத்துக்கொண்டு போகும். பக்கவாட்டில் பார்த்தால் கிடையாக விழுந்த ஒரு நீர்த்துளி மாதிரி இருக்கும். உருண்ட பக்கம் முன்னால், சரிந்து மெலியும் பக்கம் பின்னால். பின் மூடியைத் தூக்கினால் அங்கே சமையல் மேடை. உள்ளே நிற்க முடியாது, உட்காரலாம், படுக்கலாம். நாங்கள் இதைத் துளி வண்டி என்றே சொல்லிப் பழகிவிட்டோம். தெருப் பிள்ளைகளுக்கு இது மாம்பழ வண்டி.

அமெரிக்காவில் 1930களில் ஆட்கள் வீட்டிலேயே இதைக் கட்டத் தொடங்கினார்கள். இரண்டாம் உலகப் போர் முடிந்ததும் மிஞ்சிய அலுமினியத் தகடும் ஜீப் சக்கரமும் மலிவாகக் கிடைத்ததில் பெருகியது. அளவு பெரும்பாலும் எட்டடி நீளம், நான்கடி உயரம். காரணம் ரொம்ப எளிது: ப்ளைவுட் தாள் எட்டுக்கு நான்கு. ஒரு தாளில் ஒரு பக்கச் சுவர் முடிந்துவிடும்.

இதைச் சட்டப்படி ரோட்டில் இழுத்துப் போகலாமா?

போகலாம், ஆனால் இந்தக் கேள்வியை வேலை தொடங்கும் முன் கேளுங்கள், முடித்த பிறகு வேண்டாம். 1988ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தில் 'மோட்டார் வாகனம்' என்ற சொல்லுக்குள்ளேயே டிரெய்லரும் அடங்கும். அதனால் அதற்குப் பதிவு வேண்டும், நம்பர் பலகை வேண்டும், இன்சூரன்ஸ் வேண்டும். புலியரைச் சோதனைச் சாவடியைத் தாண்டினால் வேறு மாநிலம். காகிதம் சரியில்லாவிட்டால் இரண்டு பக்கமும் பதில் சொல்ல வேண்டியிருக்கும்.

பட்டறையில் இரும்புக் குழாய் வாங்கி நாமே பற்றவைத்த சேசிஸை, அதாவது சக்கரம் பூட்டிய அடிச்சட்டத்தை, பதிவு செய்வது லேசான காரியம் இல்லை. டிரெய்லர் செய்பவர்கள் தங்கள் மாதிரியைப் புனேயில் உள்ள ஏஆர்ஏஐ போன்ற சோதனை நிறுவனத்தில் காட்டி ஒப்புதல் வாங்கியிருக்க வேண்டும். அதனால் நான் செய்தது இதுதான்: ஒப்புதல் பெற்ற, சேசிஸ் எண் அடித்த, இலேசான டிரெய்லர் சேசிஸை வாங்கிக்கொண்டு, மேலே இருக்கும் அறையை மட்டும் கட்டினேன். அதற்கும் முன்னால் வரைபடத்தை எடுத்துக்கொண்டு ஆர்டிஓ அலுவலகத்துக்குப் போய் வாகன ஆய்வாளரிடம் காட்டினேன். அவர் கேட்ட திருத்தங்களை பென்சிலால் போட்டுக்கொண்டு வந்தேன். பென்சிலில் திருத்துவதற்கு ஆகும் செலவு ஒரு ரப்பர்தான்.

எந்த ப்ளைவுட் வாங்க வேண்டும், அண்ணாச்சி?

மரைன் ப்ளை. தாளின் மேல் ஐஎஸ் 710 என்ற முத்திரை இருக்கிறதா என்று பாருங்கள். சாதாரண எம்ஆர் ரகத்தில் ஐஎஸ் 303 என்று இருக்கும். அது வீட்டுக்குள் நிற்கும் பீரோவுக்கானது. ஈரத்தைக் கொஞ்சம் தாங்கும் என்பதுதான் அதற்கு அர்த்தம், மழையைத் தாங்கும் என்று இல்லை.

முதல் முறை எனக்கு ஒரு கடையில் 'வாட்டர் ப்ரூஃப்தான், தைரியமா எடுத்துட்டுப் போங்க' என்று சொல்லிக் கொடுத்தார்கள். முத்திரையைப் பார்க்காமல் வாங்கியது என் தவறு. ஒரு சாரல் காலம் முடிவதற்குள் முன்பக்கக் கீழ்மூலை பழைய புத்தகத்தின் மூலை மாதிரி ஏடு ஏடாகப் பிரிந்தது. விரலால் அழுத்தினால் உள்ளே போனது. அந்தச் சுவர் முழுவதையும் கழற்றிப் புதிதாக வெட்டினோம்.

இப்போது யார் கேட்டாலும் சொல்வது: தாள் வாங்கும் முன் கடையில் அதே ப்ளைவுட்டில் கையளவு துண்டு ஒன்று கேட்டு வாங்குங்கள். வீட்டில் அகலமான பாத்திரத்தில் தண்ணீர் விட்டு, துண்டு மூழ்கியிருக்கும்படி நாள் முழுக்கக் கொதிக்க விடுங்கள், காய வையுங்கள், மறுபடி கொதிக்க விடுங்கள். ஐஎஸ் 710 சோதனையில் 72 மணி நேரம் கொதிக்க வைக்கிறார்கள். நமக்கு அத்தனை விறகு வேண்டாம், ஆனால் போலித் துண்டு முதல் நாளிலேயே ஓரத்தில் வாய் பிளந்துவிடும்.

தடிமன்: பக்கச் சுவருக்கு 18 மில்லிமீட்டர், தரைக்கு 12, கூரை வளைவுக்கு 4. 18 மில்லிமீட்டர் தாள் ஒன்று ஏறக்குறைய 35 கிலோ இருக்கும். தாள் எண்ணிக்கையைக் கூட்டும்போதே எடையையும் கூட்டிக்கொண்டே போங்கள்.

கூரை விலாக்களுக்கு நாங்கள் அயனிப் பலகை போட்டோம். கேரளத்தில் ஆஞ்ஞிலி என்பார்கள், வள்ளம் கட்டுகிற மரம். ஈரத்தில் கிடந்து பழகியது, எடையும் தேக்குக்கு மேல் போகாது. செங்கோட்டை முன்பு திருவிதாங்கூரிலும், பிறகு 1956 நவம்பர் 1 வரை திருவிதாங்கூர்-கொச்சியிலும் இருந்த ஊர். எங்கள் பக்கத்து ஆசாரிகளுக்கு இந்த மரம் சொந்தக்காரன் மாதிரி.

வளைவை எப்படி வரைவது? கணக்கு தெரிய வேண்டுமா?

வேண்டாம். தாளைத் தரையில் போட்டு, துளியின் வடிவம் போக வேண்டிய இடங்களில் ஐந்தாறு ஆணிகளை அரைகுறையாக அடியுங்கள். நன்றாகச் சீவிய மூங்கில் பிளாச்சு ஒன்றை ஆணிகளை ஒட்டி வளைத்துப் பிடிக்க ஒரு ஆள், பென்சில் ஓட்ட ஒரு ஆள். மூங்கில் தானாக எப்படி வளைய விரும்புகிறதோ அதுதான் கண்ணுக்கு அழகான வளைவு. எங்கேயாவது அது அடம்பிடித்தால் ஆணியைத்தான் நகர்த்த வேண்டும், பிளாச்சை வற்புறுத்தக் கூடாது. ஒரு சுவரை வெட்டியதும், அதையே இரண்டாவது தாளின் மேல் வைத்துக் கிளாம்பு போட்டு இரண்டையும் சேர்த்து இழைத்துவிடுங்கள். இரண்டு சுவரும் மயிரிழை மாறாமல் இருந்தால்தான் கூரைத் தகடு முறுக்காமல் உட்காரும்.

மொத்த எடை எவ்வளவு? கார் இழுக்குமா?

சாமான்கள் எல்லாம் ஏற்றி 400 கிலோவுக்குள் முடிப்பது நல்லது. உங்கள் காரின் கையேட்டில் இழுக்கும் எடை எவ்வளவு என்று பாருங்கள். அதில் இல்லை என்றால் சர்வீஸ் சென்டரில் எழுத்தில் கேளுங்கள். பம்பரில் கொக்கியைப் பற்றவைத்து இழுப்பது கூடவே கூடாது. கொக்கி காரின் சேசிஸோடு போல்ட்டில் சேர வேண்டும்.

எடையைவிட முக்கியம், அது எங்கே உட்கார்ந்திருக்கிறது என்பது. மொத்த எடையில் 10 முதல் 15 சதவீதம் கொக்கியின் மேல் அழுத்த வேண்டும். 400 கிலோ என்றால் 40 முதல் 60 கிலோ. இதை அளக்க வீட்டில் ஆள் எடை பார்க்கும் மெஷின் போதும். வண்டியைச் சமதரையில் நிறுத்தி, மெஷினின் மேல் மரக்கட்டை அடுக்கிக் கொக்கியின் உயரத்துக்குக் கொண்டுவந்து, அதன் மேல் டிரெய்லரின் கொக்கி முனையை இறக்கிப் பாருங்கள்.

கொக்கியில் எடை குறைந்தால் என்ன ஆகும்? வேகம் பிடிக்கும்போது டிரெய்லர் வாலாட்டத் தொடங்கும். ஆட்டம் வளர்ந்தால் காரையும் சேர்த்துத் திருப்பிவிடும். துளி வண்டியில் இந்த ஆபத்து கூடுதல், ஏனென்றால் அடுப்பு, பாத்திரம், தண்ணீர்க் கேன் எல்லாம் பின்னால்தான் சேரும். நாங்கள் அறையைச் சேசிஸின் மேல் வெறுமனே வைத்து, சாமான்களை அந்தந்த இடத்தில் அடுக்கி, முன்னே பின்னே நகர்த்தி நகர்த்தி எடை பார்த்தோம். மெஷினில் 48 கிலோ வந்த இடத்தில் சாக்பீஸால் கோடு போட்டு, அங்கேதான் போல்ட்டுக்குத் துளை போட்டோம். இருபது லிட்டர் தண்ணீர்க் கேன் இப்போது படுக்கைக்கு அடியில், முன்பக்கம் இருக்கிறது.

ஸ்பிரிங் பட்டையைப் பற்றியும் ஒரு வார்த்தை. சரக்கு டிரெய்லருக்கான பட்டை இந்த எடைக்கு மிகவும் விறைப்பு. குழியில் இறங்கினால் வண்டி துள்ளும், உள்ளே திருகாணி எல்லாம் தளரும். சேசிஸ் வாங்கும்போதே 400 கிலோ என்று சொல்லி அதற்கேற்ற பட்டை போடச் சொல்லுங்கள்.

மலைப்பாதையில் இழுத்துப் போகலாமா? பிரேக் வேண்டுமா?

புலியரை எஸ் வளைவு ஏறி, கோட்டைவாசல் கருப்பசாமியைக் கும்பிட்டுவிட்டு ஆரியங்காவு வழியாகத் தென்மலை இறங்குவது எங்களுக்கு வழக்கமான பாதை. ஏறுவது பிரச்சினையே இல்லை. இறங்கும்போதுதான் டிரெய்லர் காரைத் தள்ளும். தள்ளும் விசையாலேயே பிடிக்கும் ஓவர்ரன் பிரேக் என்று ஒன்று இருக்கிறது. மலைப்பக்கம் போகிறவர்கள் எடை குறைவு என்று அதைத் தவிர்க்க வேண்டாம். ஏறிய கியரிலேயே இறங்குங்கள். வளைவில் டிரெய்லரின் சக்கரம் காரின் சக்கரத்தைவிட உள்பக்கமாக வரும், அதனால் ஓரக்கல்லுக்கு இடம் விட்டுத் திருப்புங்கள். பின்னால் பஸ் ஹாரன் அடித்தால் ஒதுங்கி வழிவிட்டுவிடுங்கள்.

மழையில் ஒழுகுமா?

ஒழுகும். இதை ஒப்புக்கொண்டு கட்டினால் வண்டி நிற்கும். இங்கே ஜூன் முதல் ஆகஸ்ட் வரை கணவாய் வழியாகக் காற்றோடு சாரல். அக்டோபர் முதல் டிசம்பர் வரை வடகிழக்குப் பருவமழை. இரண்டு மழையும் நனைக்கும் ஊர் இது. சாரல் மேலிருந்து விழுவதில்லை, காற்று அதைப் பக்கவாட்டில் கொண்டுவந்து அறைகிறது, சில நேரம் கீழிருந்து மேலே ஏற்றுகிறது.

ஒழுகுகிற இடம் பெரும்பாலும் பின் மூடியின் கீல்தான். முதல் ஜூலையில் வண்டியின் பின்பக்கம் மேற்கே பார்த்து நின்றது. காலையில் மூடியைத் தூக்கினால், கீல் ஓரமாக நீர் முத்து முத்தாகக் கோத்து நின்றது, கீழே உப்பு ஜாடியில் கஞ்சி மாதிரி உப்பு. சிலிக்கான் அப்பினேன், மறுபடி ஒழுகியது. இன்னும் அப்பினேன், வழி மாற்றி ஒழுகியது.

அப்புறம்தான் ஆசாரி ஓட்டு வீட்டைக் காட்டினார். இரண்டு கூரை சேரும் கூடுவாயில் தண்ணீரை யாராவது அடைக்கிறார்களா? தகரத்தை மடித்துப் போட்டு, ஓடிப் போக வழிவிடுகிறார்கள். அதையே செய்தோம். கீலின் நீளத்துக்கு, லாரி தார்ப்பாய் ரப்பர்த் துணியில் நான்கு அங்குலப் பட்டை வெட்டி, கூரைப் பக்கம் மட்டும் ஒட்டி மூடியின் மேல் தொங்கவிட்டோம். அது ஓட்டின் மேல் ஓடு. மூடி உட்காரும் விளிம்பின் உள்பக்கத்தில், சறுக்கும் ஜன்னலுக்குப் போடும் அலுமினியக் கால்வாயை இரண்டு பக்கமும் மேலிருந்து கீழ் வரை பதித்து, அடியில் வெளியே துளை விட்டோம். பட்டையைத் தாண்டி உள்ளே வரும் நீர் கால்வாயில் விழுந்து தரைக்குப் போய்விடுகிறது. அதற்குப் பிறகு உப்பு உப்பாகவே இருக்கிறது.

மூடியின் விளிம்பில் ஓடும் ரப்பர் பட்டை, அதாவது பீடிங், சரியாக அழுந்துகிறதா என்று பார்க்க ஒரு சின்ன வழி: பீடிங் முழுவதும் கோலமாவைத் தூவி, மூடியை மெதுவாகச் சாத்தித் திறந்து பாருங்கள். எதிர்விளிம்பில் மாவு ஒட்டாத இடம் எதுவோ, அங்கேதான் இடைவெளி. எங்கள் மூடியில் வலது மேல்மூலையில் ஒரு சாண் நீளத்துக்கு மாவே ஒட்டவில்லை.

திருகாணி ஒவ்வொன்றும் ஓர் ஓட்டைதான். துளையைக் கொஞ்சம் பெரிதாகப் போட்டு, எபாக்சி (இரண்டு திரவத்தைக் கலந்தால் இறுகும் பிசின்) நிரப்பி, இறுகியதும் அதற்குள் மறுபடி துளை போட்டு, ஸ்டெயின்லெஸ் திருகாணி முடுக்குங்கள். ப்ளைவுட் தண்ணீர் குடிப்பது முகத்தால் இல்லை, வெட்டிய ஓரத்தால். ஓரங்களுக்கு எபாக்சி மூன்று கை.

தரையின் அடிப்பக்கத்துக்கு நாங்கள் பூசியது முந்திரித் தோட்டு எண்ணெய். கேரளத்துக் கெட்டுவள்ளங்களுக்குப் பூசுகிற அதே கறுப்பு எண்ணெய்தான். கொல்லம் பக்கம் முந்திரித் தொழிற்சாலைகள் இருப்பதால் நமக்கு எளிதில் கிடைக்கும். தோலில் பட்டால் புண்ணாகும், கையுறை இல்லாமல் தொடாதீர்கள். வாடை போகப் பல நாள் ஆகும், அதனால் வெளிப்பக்கம் மட்டும்.

அலுமினியத் தகட்டை ப்ளைவுட்டில் முழுக்க ஒட்டிவிடலாமா?

வேண்டாம். எட்டடித் தகடு, காலைக் குளிருக்கும் மதிய வெயிலுக்கும் நடுவில் 40 டிகிரி சூடேறினால் 2 மில்லிமீட்டருக்கு மேல் நீளும். ஒட்டிவிட்டால் உப்பும், இல்லையென்றால் பசை கிழியும். கிழிந்த இடத்தில் நீர் புகுந்தால் வெளியே வர வழியில்லை. தகட்டைச் சும்மா போர்த்தி, ஓரத்தில் மட்டும் பட்டை வைத்து முடுக்குங்கள்.

மழையே இல்லாத இரவிலும் உள்ளே ஈரமாக இருக்கிறதே, ஏன்?

அது உங்கள் மூச்சு. இரண்டு பேர் இரவு முழுக்கத் தூங்கினால் மூச்சிலும் வியர்வையிலும் அரை லிட்டருக்கு மேல் நீர் வெளியேறும். இவ்வளவு சின்ன அறையில் அது போக இடமில்லாமல் கூரையில் படிந்து, விடியற்காலையில் மூக்கில் சொட்டும். கதவை இறுக்க இறுக்க இது கூடும்.

காற்று கீழே புகுந்து மேலே வெளியேற வேண்டும். கால்மாட்டில் கொசுவலை அடித்த ஒரு சின்னத் திறப்பு, தலைக்கு மேல் கூரையில் 12 வோல்ட் விசிறி. விசிறி காற்றை வெளியே தள்ளட்டும். மேலே குடை மாதிரி ஒரு மூடி இருந்தால் மழையிலும் ஓட்டலாம்.

மெத்தைக்கு அடியைப் பலர் மறந்துவிடுகிறார்கள். உடம்புச் சூட்டில் மெத்தை வழியாக இறங்கும் ஈரம் குளிர்ந்த பலகையில் பட்டு, பத்து நாளில் கறுப்புப் பூசணம். பலகைக்கும் மெத்தைக்கும் நடுவில் ஒரு அங்குலச் சட்டங்களை விரலிடை விட்டு அடித்து, அதன் மேல் தேங்காய்நார் மெத்தை போடுங்கள். இலவம் பஞ்சு சுகமானது, எனக்கும் ஆசைதான், ஆனால் இந்த ஊர் ஈரத்தில் அதைத் தினமும் வெயிலில் போட வேண்டிவரும்.

அடுப்பு?

ஐந்து கிலோ சிலிண்டரும் இரட்டை அடுப்பும் போதும். எரிவாயு காற்றைவிடக் கனமானது, கசிந்தால் தரையில் தேங்கும். சிலிண்டர் நிற்கும் பெட்டிக்குக் கீழே, வெளியே பார்த்து இரண்டு துளை கண்டிப்பாக வேண்டும். படுக்கையறைக்கும் சமையல் பக்கத்துக்கும் நடுவில் இருக்கும் சுவரில் ஓட்டை எதுவும் விடாதீர்கள். எவ்வளவு மழை அடித்தாலும் அடுப்பையோ கரிச்சட்டியையோ அறைக்குள் கொண்டுபோகக் கூடாது. கார்பன் மோனாக்சைடுக்கு வாடை கிடையாது, தூக்கத்திலேயே ஆள் போய்விடும்.

கரண்ட்?

நூறு ஆம்பியர்-மணி லித்தியம் பேட்டரி ஒன்று. விசிறி இரவு முழுக்க ஓடினாலும் அதில் ஐந்தில் ஒரு பங்குக்கு மேல் குடிக்காது. பின்விளக்கு, இண்டிகேட்டர், பிரேக் விளக்கு மூன்றும் காரிலிருந்து வரும் தனி இணைப்பில் இருக்கட்டும்.

எங்கே நிறுத்தித் தங்கலாம்?

காட்டுச் சாலையோரத்தில் கூடாது. தென்மலையைச் சுற்றிச் செந்துருணி சரணாலயம், எல்லாம் யானை நடமாடும் இடம். வனத்துறை அனுமதி இல்லாமல் இரவில் நிற்பது குற்றமும்கூட. நாங்கள் ரப்பர்த் தோட்டக்காரர்களிடமோ ஹோம்ஸ்டே வைத்திருப்பவர்களிடமோ கேட்டு முற்றத்தில் நிறுத்துகிறோம். 'சேட்டா, ஒரு ராத்திரி மட்டும்' என்று முறையாகக் கேட்டால் பெரும்பாலும் இடம் கிடைக்கும், கட்டன் சாயாவும் கிடைக்கும். கேரள அரசு 2021இல் கேரவன் சுற்றுலாக் கொள்கை கொண்டுவந்த பிறகு கேரவன் பூங்கா என்ற பேச்சு அங்கே பழக்கமாகிவிட்டது, விளக்கிச் சொல்வது எளிது.

பிள்ளைகளை டிரெய்லரில் உட்கார வைத்து ஓட்டலாமா?

கூடாது. பெரியவர்களும் கூடாது. ஓடும்போது உள்ளே யாரும் இருக்கக் கூடாது.

எவ்வளவு செலவு, எத்தனை நாள்?

எனக்கு, தவறிப்போன முதல் சுவரையும் சேர்த்து, இரண்டு லட்சத்தைத் தாண்டியது. பாதிக்கு மேல் சேசிஸுக்கும் அதைச் சேர்ந்த காகிதங்களுக்கும் போனது. ஞாயிற்றுக்கிழமைகளில் மட்டும் வேலை செய்து ஏழு மாதம். எபாக்சி பூசுகிற வேலையை மார்ச், ஏப்ரலில் வைத்துக்கொள்ளுங்கள். சாரல் காலத்தில் பூசினால் மேலே பால் மாதிரி வெளுத்துப் பிசுபிசுக்கும்.

ஓட்டாத நாட்களில் எப்படி வைத்திருப்பது?

தார்ப்பாய் சுற்றி வைக்காதீர்கள். செங்கோட்டைக் காற்றில் அது அடித்து அடித்துப் பெயின்டை உரசிவிடும், உள்ளே ஆவி பிடிக்கும். நான்கு பக்கமும் திறந்த ஓலைக்கொட்டகை போதும். கொக்கியைக் கொஞ்சம் உயர்த்தி வையுங்கள், கூரை நீர் பின்பக்கம் வடியும். மெத்தையை எழுப்பிச் சுவரில் சாய்த்து, பின் மூடியை ஒரு சாண் தூக்கி, நடுவில் ஒரு கட்டையைக் கொடுத்துவிடுங்கள்.